ஜோயலுக்கு அனுப்ப வேண்டிய ஒரு நிமிடம்

ஜனவரி 27, செவ்வாய்

கடும் பனி. காலை ஆறரைக்கு எடைமேடைக் கேபினைத் திறந்தபோது எதிரே நின்ற லாரி தெரியவில்லை. ஹெட்லைட் இரண்டு மட்டும், அந்தரத்தில். நேற்று குடியரசு தினத்துக்கு ஏற்றிய கொடியை யாரும் இறக்கவில்லை. நனைந்து கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. நானே இறக்கி, உலர்த்தி, மடித்து டிராயரில் வைத்தேன். டிராயரில் ஏற்கெனவே: ஸ்டேப்ளர், பழைய எடைச் சீட்டுக் கட்டு, என் மனைவி ஸ்டெல்லா கொடுத்தனுப்பிய இருமல் மருந்து, கல்லாகிப்போன சிப்பி நான்கு.

சிப்பிகள் சுரங்கத்தில் கிடைத்தவை. அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் டிரைவர்கள் எப்போதாவது ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், நான் வாங்கி வைத்துக்கொள்வேன் என்று தெரியும். லாரி காலியாக வரும்போது ஒரு எடை, லோடோடு திரும்பும்போது ஒரு எடை. இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை. நடுவில் நிறைய நேரம் சும்மா இருக்கலாம். அதனால்தான் இந்த டைரியும்.

பத்து மணிக்குச் செல்வி போன். சிங்கப்பூரிலிருந்து என் தங்கை ஞாயிறு தவிர வேறு நாளில் கூப்பிடுவதில்லை.

"அண்ணே, ஒக்காந்திருக்கியா?"

"ஒக்காந்துகிட்டுதான் எடை போடுறேன். என்னாச்சு?"

"ஜோயல எடுத்துட்டாங்கண்ணே. ஜூனியர் ஃபுட்பால் டீம்ல. நாட்டுக்கு ஆடப் போறான்."

அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவள் மகன், என் மருமகன், பதினெட்டு வயதில் ஒரு நாட்டுக்கு ஆடப் போகிறான்! எங்கள் குடும்பத்தில் யாரும் ஜில்லாவைத் தாண்டி ஆடியதில்லை. வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் கேட்டது என்ன தெரியுமா? "யாருகூட ஆட்டம்?"



"ஒங்க டீமுகூடத்தான்."

தகுதிச் சுற்று. பிப்ரவரி ஆறு, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி மாலை ஐந்தரை. மேசை நாட்காட்டியில் வட்டம் போட்டேன். நீலப் பேனாவாகத்தான் கையில் கிடைத்தது.

ஜனவரி 28, புதன்

பனி. இருமல். மருந்து குடிக்க மறந்தேன்.

'ஒங்க டீமு.' நேற்றிலிருந்து காதில் நிற்கிறது. அவள் சொன்னதில் தப்பில்லை. இந்தியா என் டீம்தான். இந்த ஊரில் வேறு யாருக்கும் அது டீம் இல்லை. உலகக் கோப்பை வந்தால் டீக்கடையில் அர்ஜென்டினா ஒரு பெஞ்சு, பிரேசில் ஒரு பெஞ்சு. பெரம்பலூர் முழுக்க ஃபிளெக்ஸ். போன தடவை ஒரு பையன் பைக் டேங்குக்கே வெள்ளையும் வெளிர்நீலமும் அடித்துவிட்டான். அப்போதெல்லாம் நான் சும்மா டீ குடித்துவிட்டு வருவேன்.

இன்று ஒரு டிரைவர் கேபின் சுவரில் நான் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இவங்கல்லாம் யாரு சார்?"

"இந்தியா டீம்."

"ஃபுட்பால்லயா? நமக்கு அதுல டீமே இருக்கா?"

"இருக்கு."

"ஜெயிப்பாங்களா?"

"சில நேரம்."

சீட்டை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார். அவர் மேல் கோபமில்லை. ஜெயிக்கிற டீமைப் பிடித்துக்கொள்ள ஊரே இருக்கிறது. இதைப் பிடித்துக்கொள்ள நான் ஒருத்தனாவது இருக்க வேண்டாமா?

இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தேன். வரதராசன்பேட்டையில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில். எனக்குப் பதினொன்று, செல்விக்கு ஏழு. இரண்டு செருப்பு வைத்தால் கோல். நான்தான் இந்தியா. தினமும் நான்தான். அவள் மத்த நாடு. ஒருநாள் பிரேசில், ஒருநாள் ஜெர்மனி, ஒருநாள் கொரியா. நாட்டின் பேர் தீர்ந்துபோனால் நான் ஏதாவது இட்டுக்கட்டிக் கொடுப்பேன். முழங்கால் சிராய்ப்போடு நின்று கேட்டாள்: "நான் எப்பண்ணே இந்தியா?"

"நாளைக்கி" என்பேன். கொடுத்ததேயில்லை.

ஜனவரி 29, வியாழன்

பனி குறைவு. வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தி எடுப்பு முடியப்போகிறதாம். ஸ்டெல்லா சின்ன வெங்காயம் வாங்கச் சொன்னாள். மறந்தேன்.

மதியம் ஜோயலிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். அவன் தமிழ் சிங்கப்பூர்த் தமிழ், ஒவ்வொரு சொல்லாகக் கழுவி வைத்த மாதிரி இருக்கும்.

"மாமா, எங்க கோச் சொன்னாரு, மேட்ச்சுக்கு முந்தின நாள் எங்களுக்கு ஜெர்சி கொடுப்பாங்க. அப்ப ஒவ்வொருத்தருக்கும் ஃபேமிலிலேர்ந்து ஒருத்தர் பேசின வீடியோ போடுவாங்க. ஒன் மினிட். யாரு பேசணும்னு நாங்க சொல்லலாம். நான் உங்க பேர கொடுத்துட்டேன். புதன்கிழமைக்குள்ள அனுப்பணும், ஓகேவா?"

அதற்குக் கீழேயே இன்னொன்று, நாலு வினாடி.

"மாமா, அன்னிக்கு நீங்க யாருக்குக் கத்துவீங்க?"

ஆறேழு தடவை கேட்டேன். பதில் போடவில்லை. 'இங்கே சிக்னல் சரியில்லை' என்று மட்டும் எழுதினேன். நாலு கோடும் முழுசாக இருந்தது.

அப்பாவை, அம்மாவை விட்டுவிட்டு ஏன் என்னைச் சொன்னான்? ஸ்டெல்லாவுக்குச் சந்தேகமே இல்லை.

"தாய்மாமன் நீங்க. காது குத்துனப்ப யாரு மடியில ஒக்காந்தான்? புதுநன்மைக்கு யாரு சட்டை எடுத்தது? இதுவும் சீருதான். ஜெர்சி அவங்க குடுக்குறாங்க, வாய்ச்சொல்லு நீங்க குடுங்க."

அவள் சொல்வது சரி. மறுக்க முடியாது என்பதுதான் கஷ்டம்.

ஜனவரி 31, சனி

வாரச் சீட்டுகளை முடித்துவிட்டுப் பெரம்பலூர் பஸ். ஜன்னல் சீட். வழியெல்லாம் மக்காச்சோளத் தட்டை காய்ந்து நின்றது. நடுவில் தூங்கிவிட்டேன் போல. ஏதோ மைதானம், புல் நீலமாக இருந்தது. கண்டக்டர் எழுப்பினார்.

சாகுல் பாய் கடையில் இரண்டு மணி நேரம். லப்பைக்குடிக்காட்டுக்காரர், கத்தாரில் பதினாறு வருடம் இருந்துவிட்டு வந்து, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெர்சிக் கடை போட்டிருக்கிறார். எல்லா நாட்டு ஜெர்சியும் தொங்கும், இந்தியா மட்டும் கிரிக்கெட்டில்தான். என்னுடைய நீல ஜெர்சி அவர் எனக்காகத் தனியாகப் பிரிண்ட் போட்டது. ஆறு வருடமாகிறது. இந்த ஜில்லாவில் அது ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தார்.

"ஒன்னு சொல்லவா ஆரோக்கியம்? நான் அங்க இருந்தப்ப இந்தியா ஆட வந்துச்சு. கம்பெனில டிக்கெட் குடுத்தாங்க. எனக்குச் சோறு போட்ட நாடு அது, புள்ளைங்க படிச்சது அந்தக் காசு. ஆனா ஸ்டேடியத்துல போயி ஒக்காந்ததும் வாயி தானா இந்தியான்னுச்சு. எங்க சூப்பர்வைசர் அந்த ஊருக்காரரு, ரெண்டு வரிசை முன்னாடி. திரும்பிப் பாத்தாரு."

"அப்புறம்?"

"சிரிச்சாரு. மறுநாளு, நல்ல தொண்டை ஒனக்குன்னாரு. அல்ஹம்துலில்லாஹ், வேல போகல."

"அப்ப நானும் இந்தியாவுக்குத்தான் கத்தணும்னு சொல்றீங்க."

"நான் எங்க சொன்னேன்? வாயி தானா கத்துச்சுன்னேன்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடை திறந்ததும் வரச் சொன்னார். கடையில் பெரிய டிவி, நெட்டும் நன்றாக வரும். புறப்படும்போது நாற்பது சைஸில், சிங்கப்பூர் நிறத்தில், ஒரு வெறும் சிவப்புச் சட்டையை எடுத்து என் மேல் வைத்துப் பார்த்தார். "ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கு." அதைத் திருப்பி மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சின்ன வெங்காயம் வாங்கினேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இப்படி ஒரு ஞாயிறு என் வாழ்க்கையில் வந்ததில்லை.

இந்தியா ஆடும் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முந்தின ஞாயிறு நான் பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கருத்து எழுதிக் கொடுப்பது வழக்கம். அதை வாங்கி வாசிக்கும் கோயில் உபதேசியாருக்கு இது பழகிவிட்டது, சிரிக்கக்கூட மாட்டார். இந்த வாரமும் வியாழக்கிழமையே எழுதிக் கொடுத்திருந்தேன். ஜூனியர் டீமானாலும் டீம் டீம்தான். ஸ்டெல்லாவும் வெள்ளிக்கிழமை ஒன்று எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியாது. அவளுக்கும் என்னுடையது தெரியாது.

பூசைக்கு முன் உபதேசியார் மைக்கில் வரிசையாக வாசித்தார். இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றி. யாரோ ஒரு பெண்ணுக்குச் சுகப் பிரசவம். காணாமல் போன மாடு கிடைக்க. பிறகு அதே குரலில்:

"இந்திய ஜூனியர் கால்பந்து அணி வெற்றி பெற வேண்டி, ஆரோக்கியராஜ் குடும்பத்தார். சிங்கப்பூர் அணியில் ஆடும் ஜோயல், இந்திய அணியை வென்று வர வேண்டி, ஆரோக்கியராஜ் குடும்பத்தார்."

கோயிலே குலுங்கியது. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லா முக்காட்டை இழுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளும் குலுங்கியது. பாடல் குழு முதல் பாட்டைச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால் பங்குச் சாமி படியில் காத்திருக்கிறார்.

"என்ன ஆரோக்கியராஜ், மாதா ஒருத்தவங்கதான். யாருக்குன்னு நீங்க வூட்டுலயே பேசி முடிச்சிட்டுல்ல வரணும்?"

"தப்புத்தான் சாமி."

"மேட்ச் டிரா ஆகணும்னு ஒரு கருத்து எழுதிக் குடுத்துடுங்களேன், எனக்கும் சௌரியம்."

வீடு வரும் வரை நானும் ஸ்டெல்லாவும் மாறி மாறிச் சிரித்தோம். பைக்கை நிறுத்தியதும் அவள் சிரிப்பு நின்றது.

"ஏங்க, நெசமாவே அந்தப் புள்ள தோக்கணும்னா வேண்டிக்கிட்டீங்க?"

இல்லை என்றேன். இந்தியா ஜெயிக்க வேண்டும் என்றுதான் வேண்டினேன். இரண்டும் வேறு வேறு என்று வாசலில் நின்று விளக்கப் பார்த்தேன். சாவியை வாங்கித் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

செல்வி வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டாள். பூசை விஷயம் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி விட்டுவிட்டது. வெயில் ஏற ஏறச் சுரங்கம் முழுக்க வெள்ளைப் புழுதி. நாளைக்குள் அனுப்ப வேண்டும். லாரி வராத இடைவெளிகளில் கேபினிலேயே எடுக்கப் பார்த்தேன்.

முதல் தடவை: ஹாரன்.

இரண்டு: இருமல்.

மூன்று: 'அன்புள்ள ஜோயலுக்கு மாமா எழுதிக்கொள்வது' என்று வாயில் வந்துவிட்டது.

நான்கு: தலைக்குப் பின்னால் இந்தியா டீம் படம். கழற்றினேன். சுவரில் சதுரமாக வெள்ளைத் தடம், படத்தை விட அதுதான் கண்ணில் பட்டது. மறுபடி மாட்டிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

ஐந்து: நன்றாக வந்தது. 'உன் தாத்தா இருந்திருந்தால்' வரைக்கும். அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஆறு: முழு ஒரு நிமிடம். நல்லா ஆடு, பதறாதே, அடிபடாமல் வா, கோச் சொல்வதைக் கேள். எல்லாம் சொன்னேன். கடைசியில் ஒன்று பாக்கி. அது வரவில்லை.

ஏழு, எட்டு, ஒன்பது: அதே இடத்தில் அதே மாதிரி.

அந்தப் பாக்கி ஒன்று 'ஜெயிச்சிட்டு வா.' எங்கள் வீட்டில் யாராவது எதற்காவது கிளம்பினால் நான்தான் சொல்வேன், பரீட்சை, ஓட்டப் பந்தயம், இன்டர்வியூ எதுவானாலும். செல்வி நர்ஸ் படிப்புக்குக் கிளம்பியபோது சொன்னேன். கல்யாணமான பதினைந்தாம் நாள் திருச்சி ஏர்போர்ட் கண்ணாடிக் கதவு வரைக்கும் போய், மாப்பிள்ளை முன்னால் போக, அவள் திரும்பிப் பார்த்தபோதும் அதைத்தான் சொன்னேன். ஜெயித்தாள். நல்ல வேலை, வீடு, பிள்ளை. திரும்பி வரவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்துக்கொண்டாள். நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் போனில் சொன்னாள். தேவையிருந்துதான் செய்திருப்பாள். நான், "இனிமே நீ வெளிநாட்டுக்காரி. பேசுறதுக்கு ஒன்னுமில்ல" என்று வைத்துவிட்டேன். ஏழு மாதம் பேசவில்லை. அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டதாக இன்று வரை அவளிடம் சொன்னதும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, எழுதி வைக்கிறேன்.

ஆறாவது வீடியோவை வைத்துக்கொண்டு மீதியை அழித்தேன்.

பிப்ரவரி 4, புதன்

காலை ஏழரைக்கு அனுப்பினேன். ஒரு நிமிடம் மூன்று வினாடி.

ஜோயல்: 'தேங்க்ஸ் மாமா' என்றும் ஒரு சிவப்பு இதயமும். சிவப்பு என்பதைக் கவனித்தேன். எல்லோரும் சிவப்புத்தான் போடுவார்கள், தெரியும்.

பதினொன்றரைக்குச் செல்வி. புதன்கிழமை.

"வீடியோ பாத்தேன்."

"ம். பரவால்லயா?"

"நல்லா பேசியிருக்க. கோட்டு மாதிரி அந்தச் சாம்பல் சட்டைய எதுக்கு மாட்டுன?"

"சும்மாதான்."

"அண்ணே, ஜெயிச்சிட்டு வான்னு சொல்லலையே நீ."

லாரி மேடை மேல் ஏறிக்கொண்டிருந்தது. எடை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அது நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடிபடாம வான்னு சொன்னேன்ல."

"அது ரோட்டுல போற யாருக்கும் சொல்றது. ஒன்கிட்ட அவன் கேட்டது அது இல்ல. நான் வெளிநாட்டுக்காரி சரி, எம்புள்ள ஒனக்கு யாருண்ணே?"

வைத்துவிட்டாள். பதினோரு வருடமும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டியா, இருமல் எப்படியிருக்கு என்று கேட்டிருக்கிறாள்.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்று தடவை. மதியச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஸ்டெல்லா டப்பாவைத் திறந்து பார்த்தாள். திரும்ப மூடி வைத்தாள்.

பிப்ரவரி 5, வியாழன்

வெயில். மேகம் இல்லை.

விடியற்காலை ஒரு கனவு. மறப்பதற்குள் எழுதுகிறேன். சுரங்கத்தின் அடியில் மைதானம். சுற்றிலும் வெள்ளைப் பாறைச் சுவர், மேலே கடல், தண்ணீர் மட்டும் கீழே விழாமல் நிற்கிறது. செல்வி கோல் காக்கிறாள், ஏழு வயது, முழங்காலில் சிராய்ப்பு. இரண்டு செருப்புக்குப் பதில் இரண்டு பெரிய சிப்பி. பந்து என்னிடம் இருக்கிறது. உதைக்க வேண்டும். எந்த நாடு என்று நான் கேட்கிறேன், அவள் வாய் அசைகிறது, தண்ணீருக்குள் பேசுகிற மாதிரி சத்தம் வரவில்லை. விழித்தபோது ஸ்டெல்லா காபியோடு நின்றாள்.

"எந்த நாடு, எந்த நாடுன்னு பொலம்புனீங்க."

செல்வி இன்றும் எடுக்கவில்லை. அந்த ஊரில் இந்நேரம் ஜெர்சி கொடுத்திருப்பார்கள். என் முகம் திரையில் வந்திருக்கும். மற்ற பையன்களின் அப்பா அம்மாவெல்லாம் ஜெயித்து வா என்று அவரவர் பாஷையில் சொல்லியிருப்பார்கள். ஜோயல் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பானோ? இதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். நான்கு லாரிக்குச் சீட்டைத் தப்பாகக் கிழித்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மதியம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பெரம்பலூர். பையில் நீல ஜெர்சி. பஸ்ஸில் போடக் கூச்சமாக இருந்ததால் கடையில் போய் மாற்றினேன். ஆறு வருடத்தில் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறது.

பாய் கடையில் நாங்கள் இரண்டு பேரும்தான். கோச்சிங் முடிந்து சட்டை வாங்க வந்த கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். எந்த நாடு என்று கேட்டார்கள். சொன்னேன். "ஓ, இந்தியாவா!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இந்தியா மேட்ச்சை ஐந்து பேராகப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

தேசிய கீதம். நான் எழுந்து நின்றேன். பாயும் பையன்களும் நின்றார்கள். அடுத்து அவர்களுடைய கீதம். உட்காரப் போனவன், கேமரா வரிசையாக முகங்களைக் காட்டிக்கொண்டு போவதைப் பார்த்து அப்படியே நின்றேன். ஜோயல் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில். முழு வாயும் திறந்து பாடினான். அவனுடைய அம்மா கோயிலில் பாடும்போது கழுத்து நரம்பு இப்படித்தான் தெரியும்.

முப்பதாவது நிமிடம் சிங்கப்பூர் கோல். கார்னரிலிருந்து தலையால்.  நம் பையன்கள் அதன் பிறகுதான் ஆட ஆரம்பித்தார்கள். எவ்வளவு அழகாக ஆடினார்கள்! சின்னச் சின்னப் பாஸ், ஓட்டம், இடது ஓரத்தில் பதினோராம் நம்பர் பையன் ஒருத்தன் காற்றுப் போலப் போனான். தோற்கும்போது இவ்வளவு அழகாக ஆடி நான் பார்த்ததில்லை.

அறுபத்தொன்றாம் நிமிடம் ஜோயலை இறக்கினார்கள், பின்வரிசையில், சரியாக அந்தப் பதினோராம் நம்பரை மறிக்கிற இடத்தில். சிவப்புச் சட்டையில் ஒல்லியாக இருந்தான். முதல் தடவையே அந்தப் பையன் இவனைத் தாண்டிப் போய்விட்டான். கல்லூரிப் பையன்கள் கைதட்டினார்கள். நானும் தட்ட ஆரம்பித்தேன், கை பாதியில் நின்றது.

எழுபத்தெட்டு. எழுபத்தொன்பதா? அதே பையன், பந்தோடு. எல்லோரையும் கடந்தாயிற்று. முன்னால் ஜோயல் ஒருத்தன், அவனுக்குப் பின்னால் கோல்கீப்பர். பாய் எழுந்துவிட்டார். பையன்கள் மூவரும் "போடு, போடு" என்றார்கள். ஆறு வருடம், ஏன், முப்பத்தேழு வருடமாக நான் காத்திருக்கிற மாதிரி ஒரு ஓட்டம் அது.

"விடாதடா ஜோயலு! மாமா இருக்கேன், விடாத!"

என் தொண்டைதான். ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தேன், எப்போது ஏறினேன் என்று தெரியாது. ஜோயல் சறுக்கினான். காலை மட்டும் நீட்டிப் பந்தை மட்டும் எடுத்தான். சுத்தமாக. பந்து கோட்டுக்கு வெளியே போனது. பதினோராம் நம்பர் பையன் தலையில் கை வைத்துக்கொண்டு மண்டியிட்டான். ஜோயல் அவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

 பஸ் ஸ்டாண்டிலிருந்து துறையூர், துறையூர் என்று கூப்பிடுகிற சத்தம் மட்டும்.

ஒரு பையன் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, நீங்க யாரு பக்கம்?"

 பாய்தான் சொன்னார். "அவரு மருமவன் பக்கம். சட்டைய மட்டும் மாத்திக்கல."

இந்தியா ஒன்றுக்குப் பூஜ்யம் தோற்றது. அழுதேன். எதற்காக என்று பிரித்து எழுதப் பார்த்தேன், வரவில்லை. பாய் டீ வாங்கித் தந்தார். எட்டு மணி பஸ்ஸில் ஜெர்சியைக் கழற்றாமலே வந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

லேசான தூறல், இந்த மாதத்தில். புழுதி அடங்கிவிட்டது.

கேபினில் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முப்பத்தேழு வருட விசுவாசம், ஒரு ஓட்டத்தில் போயிற்று. அந்தப் பையன் கோல் போட்டிருந்தால் சமன். நேற்று அவன் வீட்டிலும் ஒரு தாய்மாமன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனாலும் நேற்றைய அந்த நொடியைத் திரும்பக் கொடுத்தால் அதையேதான் கத்துவேன். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்குச் சாகுல் பாய் ஒரு வீடியோ அனுப்பினார். நான் ஸ்டூல் மேல் ஏறுவதிலிருந்து எடுத்திருக்கிறார். எழுந்து நின்றது ஆட்டத்துக்காக இல்லை போல, என்னைப் படம் பிடிக்க! பதினோரு வினாடி. இந்தியா ஜெர்சியில் ஒரு நடுவயது ஆள், வயிறு பிதுங்க, டிவியைப் பார்த்து "விடாதடா ஜோயலு" என்று அலறுகிறான். முகம் கோணி, பார்க்கச் சகிக்கவில்லை. கீழே எழுதியிருந்தார்: 'ஒரு நிமிஷ வீடியோவ விட இது நல்லா வந்திருக்கு.'

செல்விக்கு அனுப்பலாமா என்று பத்து லாரி நேரம் யோசித்தேன். 'அன்னிக்குச் சொன்னது தப்பு, வெளிநாட்டுக்காரி என்றது' என்று அடித்தேன். அழித்தேன். திரும்ப அதையே அடித்தேன். அழிக்காமல், வீடியோவோடு சேர்த்து அனுப்பினேன்.

இரண்டு டிக். சாம்பல் நிறம்.

காலி லாரி ஒன்று. லோடு லாரி இரண்டு. டிரைவர் ஒருத்தர் ஒரு சிப்பி கொண்டுவந்தார், உள்ளங்கை அகலம், இதுவரை வந்ததிலேயே பெரியது. டிராயரில் இடமில்லை. மடித்த கொடியின் மேல் வைத்தேன்.

பதினொன்று இருபதுக்கு டிக் நீலமானது.  'எழுதுகிறார்' என்று வந்தது, போனது, வந்தது.

அவளிடமிருந்து: 'அவன்ட்ட காட்டுனேன். இருவது தடவ பாத்துட்டான்.'

அடுத்தது: 'நீதான் நேத்து மத்த நாடாயிட்டியே. அப்ப நான் இந்தியா எடுத்துக்கவாண்ணே?'

எடுத்துக்கோ என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. மேடையில் லோடு லாரி, ஹாரன் மேல் ஹாரன். நிற்கட்டும். செல்வி கூப்பிடுகிறாள், சனிக்கிழமையில்.